அவர்களுக்கு இரவல் குரல் எதற்கு?

வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1914-இல் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் மனைவியர் உடுத்திய உடைகளுக்கான கூடம். ஹெலன் டாஃப்ட் தம் கணவர் பதவியேற்ற இரவு நடன விருந்துக்கு அணிந்த வெள்ளை உடையை அதற்குக் கொடுத்தார். உடைகளை மாட்டி நிறுத்தப் பொம்மைகள் செய்தார்கள். பொம்மைகளின் சிகை அலங்காரம் ஆளுக்கு ஆள் வேறு. முகம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். அந்த முகமும் அந்தப் பெண்களில் ஒருவருடையது அல்ல. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனுக்குக் கடைசி மகளாக வருகிறாளே கோர்டீலியா, அவளுடைய மார்பளவுச் சிலை ஒன்றிலிருந்து எடுத்தது. என் மேல் எவ்வளவு அன்பு என்று அப்பன் கேட்டபோது, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நின்றவள் அவள்.

நூறு வருடம் கழித்தும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். முன்பு பொம்மைக்கு ஒரே முகம் வைத்தார்கள். இப்போது நாவலிலும் மேடையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் ஒரே குரல் வைக்கிறோம். ஜன்னலோரம் நிற்கிற பெண், பெரிய மனிதருக்குப் பின்னால் பெருமூச்சு விடுகிற பெண், யாருக்கும் சொல்லாத துயரத்தைத் தன் மனதுக்குள் நமக்காகப் பேசுகிற பெண். மார்த்தா வாஷிங்டன் ஆனாலும் மேரி லிங்கன் ஆனாலும் பேச்சு ஒன்றுபோலவே இருக்கிறது. இதற்கு இலக்கியக் கூட்டங்களில் ஒரு பெயரும் கிடைத்துவிட்டது: குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்தல்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். அதற்கு முன் அதை அதன் முழு பலத்தோடு சொல்லிவிட வேண்டும். வரலாறு ஆண்கள் எழுதியது. மனைவியர் அதில் அடிக்குறிப்பு. அவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது. ஆகவே எழுத்தாளர் தம் கற்பனையால் அந்த வெற்றிடத்தை நிரப்புவது வெறும் கலை அல்ல, நீதியும்கூட. சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் வட்டத்தில் ஒரு நண்பர் இதைக் கண்ணில் நீர் மல்கச் சொன்னார். அவருடைய நல்ல மனதைப் பற்றி எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் சொன்னதன் அடித்தளமே தவறு. அந்தப் பெண்கள் குரலற்றவர்கள் அல்லர். பேசினார்கள், எழுதினார்கள், பக்கம் பக்கமாக எழுதினார்கள். நாம்தான் படிக்கவில்லை.

லூயிசா கேத்தரின் ஆடம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது குடியரசுத் தலைவர் ஜான் குயின்சி ஆடம்ஸின் மனைவி, லண்டனில் பிறந்தவர். கணவர் ரஷ்யாவில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, 1812-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். 1814-இல் கணவர் பிரிட்டனோடு சமாதானம் பேசப் போய்விட்டார். அந்த வேலை முடிந்ததும், வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் பாரிஸுக்கு வந்து சேர் என்று எழுதினார். 1815 பிப்ரவரி 12. அன்று லூயிசாவுக்கு நாற்பது வயது நிறைகிறது. உறைபனிக் காலத்தில், ஏழு வயது மகனையும் சில பணியாட்களையும் கூட்டிக்கொண்டு, பனியில் சறுக்கிப் போகும்படி அமைத்த வண்டியில் கிளம்பினார். ஏறக்குறைய 2,000 மைல். போர் முடிந்து ஆறாத ஐரோப்பாவின் குறுக்கே நாற்பது நாள். விஸ்துலா ஆற்றின் பனிப்பாளம் தாங்குமா தாங்காதா என்று ஆட்கள் முன்னால் கழியால் தட்டிப் பார்த்துக்கொண்டே போக, பின்னால் வண்டி போனது. பாரிஸை நெருங்கும்போது எல்பா தீவிலிருந்து தப்பி வந்த நெப்போலியனின் காவற்படை வழிமறித்தது. வந்தது ரஷ்ய வண்டி. இறக்கிக் கொல்லுங்கள் என்று கூச்சல். லூயிசா கைக்குட்டையை வெளியே நீட்டி அசைத்து, பேரரசர் வாழ்க என்று அவர்கள் மொழியிலேயே கத்தினார். பிள்ளை வண்டிக்குள் பயந்துபோய்க் கிடந்தான்.

இதையெல்லாம் நான் ஒரு நாவலிலிருந்து சொல்லவில்லை. லூயிசாவே 1836-இல் உட்கார்ந்து எழுதியது இது. பெண்ணால் ஆகாது என்று மலைத்து நிற்கிற காரியங்கள் உண்மையில் அவ்வளவு மலைப்பானவை அல்ல என்று காட்டவே எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறார். நான்கு வருடம் கழித்து இன்னொரு நினைவுக்குறிப்பு எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘யாருமல்லாத ஒருத்தியின் சாகசங்கள்’. கசப்பையும் தன்மானத்தையும் இப்படி ஒரே தலைப்பில் முடிந்து வைக்கத் தெரிந்த ஒருவருக்கு நாம் எந்தக் குரலைக் கடன் கொடுக்கப் போகிறோம்?

அவருடைய மாமியார் அபிகெயில் ஆடம்ஸ். அவரும் கணவர் ஜான் ஆடம்ஸும் ஒருவருக்கொருவர் எழுதியவற்றில் 1,100 கடிதங்களுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் அவற்றைப் பாதுகாக்கிறது. இணையத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1776 மார்ச் 31-ஆம் தேதிக் கடிதம் ஒன்றைத்தான். புதுச் சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று கணவரைக் கேட்ட கடிதம். அதை ஒட்டி, விவேகமும் பிரிவுத் துயரும் கலந்த ஒரு உத்தமி உருவம் செய்தாகிவிட்டது. மற்றக் கடிதங்களில் இருப்பவர் வேறு ஆள். ஐரோப்பாவில் இருந்த கணவரிடம் இன்ன துணி அனுப்பு, இன்ன சரக்கு அனுப்பு என்று பட்டியல் எழுதி, வந்ததை உறவினர் மூலம் விற்று லாபம் பார்த்தவர். நிலம் வாங்கு என்று கணவர் சொல்ல, நிலத்தைவிட அரசாங்கக் கடன் பத்திரத்தில்தான் வருமானம் என்று வாதாடி, விலை விழுந்து கிடந்த பத்திரங்களை வாங்கிப் போட்டவர். கல்யாணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனிச் சொத்தே கிடையாது என்றிருந்த காலத்தில், கணவர் உயிரோடு இருக்கும்போதே, 1816-இல் தாமே உயில் எழுதி, தம்முடையது என்று அவர் கருதியதைப் பெரும்பாலும் பெண்களுக்கே பிரித்து வைத்தவர். நான் பார்த்த எந்த நாடகத்து அபிகெயிலும் வட்டிக் கணக்கு பேசியதில்லை. கற்பனை என்று நாம் மெச்சுவது உண்மையைவிட எத்தனை ஏழையாக இருக்கிறது பாருங்கள்.

பின்னால் வந்தவர்களைச் சொல்லவே வேண்டாம். எலினார் ரூஸ்வெல்ட் 1935 கடைசியிலிருந்து 1962 வரை, பெரும்பாலும் வாரத்துக்கு ஆறு நாள், பத்திரிகைப் பத்தி எழுதினார். லேடி பேர்ட் ஜான்சன் வெள்ளை மாளிகையில் இருந்த காலமெல்லாம் ஒலிநாடாவில் நாட்குறிப்பு பேசி வைத்தார்; மொத்தம் 123 மணிநேரம். ஜூலியா கிராண்ட் எழுதிய நினைவுக்குறிப்பு அச்சேறவே 1975 ஆயிற்று. அவர்கள் சொல்லாமல் போனார்கள் என்பதைவிட நாம் கேட்கத் தாமதித்தோம் என்பதுதான் பொருந்தும்.

மேரி லிங்கன் விஷயத்துக்கு வருகிறேன். என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

மேரி என்றதும் பொதுப்புத்தியில் வந்து நிற்பது ஒரு பைத்தியக்காரி, ஒரு சண்டைக்காரி, மகானுக்கு வாய்த்த தண்டனை. இந்த உருவத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. 1866 நவம்பர் 16 அன்று, லிங்கனோடு வக்கீல் தொழிலில் கூட்டாளியாக இருந்த வில்லியம் ஹெர்ன்டன், ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சொற்பொழிவு செய்தார். லிங்கன் தம் வாழ்நாளில் காதலித்தது இளவயதில் இறந்துபோன ஆன் ரட்லெட்ஜ் ஒருத்தியைத்தான், மனைவியை அவர் நேசித்ததே இல்லை என்று. மேடையில் நின்று இறந்த நண்பரின் மனதுக்குள் புகுந்து பேசினார். ஹெர்ன்டனுக்கும் மேரிக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை என்பது ஊரறிந்த விஷயம். கணவர் கண்ணெதிரே சுடப்பட்டு இரண்டு வருடம்கூட முழுசாய்க் கடந்திராத மேரி, அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒரு கடிதத்தில் பதில் சொன்னார்: அந்தப் பெயர் தம் கணவர் வாயிலிருந்து வந்து தாம் கேட்டதே இல்லை என்று. ஹெர்ன்டனின் பேச்சு ஊர் ஊராகப் பரவியது. மேரியின் கடிதம் பெட்டிக்குள் கிடந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

பிறகு 1875 மே 19. சிகாகோவில் மேரி தங்கியிருந்த ஹோட்டல் அறைக்கு ஒரு வக்கீல் வந்து, உங்களைப் பைத்தியம் என்று விசாரிக்க நீதிமன்றம் கூடியிருக்கிறது, வாருங்கள் என்றார். மனுப் போட்டவர் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே மகன் ராபர்ட். நான்கு பிள்ளைகளில் மற்ற மூவரையும் மேரி மண்ணுக்குக் கொடுத்திருந்தார்: எடியை 1850-இல், வில்லியை 1862-இல், டாடை 1871-இல். அவருக்காக ஒரு வக்கீலையும் எதிர்த்தரப்பே ஏற்பாடு செய்திருந்தது. அந்த வக்கீல் ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. எதிர்ப்பக்கம் பதினேழு சாட்சிகள். சாட்சி சொன்ன மருத்துவர்களில் சிலர் அவரைச் சோதித்தே பார்க்காதவர்கள். எல்லாம் சில மணிநேரம். பன்னிரண்டு ஆண்கள் உள்ளே போய்ச் சில நிமிடங்களில் திரும்பி வந்து, பைத்தியம் என்றார்கள். அந்த அறையில் மேரியை மட்டும் யாரும் பேசச் சொல்லவில்லை.

பேட்டேவியாவில் இருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் அடைத்தார்கள். அங்கிருந்து அவர் செய்தது என்ன? கடிதம் எழுதினார். தமக்குத் தெரிந்த வக்கீல் தம்பதியான ஜேம்ஸ் பிராட்வெல்லுக்கும் மைரா பிராட்வெல்லுக்கும் செய்தி போக வழி செய்தார். அவர்கள் பத்திரிகைக்காரர் ஒருவரை உள்ளே வரவழைத்தார்கள். பார்த்துப் பேசிய நிருபர், இவருக்குப் பைத்தியமில்லை என்று எழுதினார். நான்கு மாதத்துக்குள் அக்காள் வீட்டுக்கு விடுவித்தார்கள். 1876 ஜூன் 15-ஆம் தேதி இன்னொரு ஜூரி, இவர் தெளிவாக இருக்கிறார் என்று தீர்ப்பளித்தது. நான்கு நாள் கழித்து மேரி மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்புள்ள என்ற சொல் இல்லை, மகனே என்ற சொல் இல்லை. முழுப்பெயரில் விளித்து, தம்மிடமிருந்து எடுத்துப் போன ஓவியங்களையும் வெள்ளிச் சாமான்களையும் மற்றதையும் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, தாமதமின்றித் திருப்பி அனுப்பு என்கிறார். கீழே கையெழுத்து திருமதி ஏ. லிங்கன். பெற்ற மகனுக்கு.

இதைப் படித்த பிறகு, இருட்டறையில் தலைவிரி கோலமாய்ப் புலம்புகிற மேரியை எந்த மேடையிலும் என்னால் பார்க்க முடியவில்லை. மேரியின் 600-க்கும் மேற்பட்ட கடிதங்கள் 1972-இலேயே தொகுப்பாக வந்துவிட்டன. குடும்ப வக்கீல் வீட்டு டிரங்குப் பெட்டி ஒன்றில் கிடந்த வேறு சில கடிதங்களை வைத்து 2007-இல் இன்னொரு நூல் வந்தது. அவரைத் தேவதை ஆக்க நான் வரவில்லை. வெள்ளை மாளிகையை அலங்கரிக்க ஒதுக்கிய பணத்துக்கு மேல் செலவு செய்தார், கடன் வைத்தார், கோபக்காரர், பொறாமைப்பட்டார், மனம் கலங்கிய நாட்களும் அவருக்கு இருந்தன. அத்தனையும் அவர் கடிதங்களிலேயே இருக்கிறது. அவரைப் புண்படுத்தாமல் அவரைக் குறை சொல்லவும் அந்தக் கடிதங்களே போதும்.

2024-இல் பிராட்வே மேடையேறிய ‘ஓ, மேரி!’ என்ற நகைச்சுவை நாடகம் அவரைக் குடிகாரியாக, கேளிக்கை மேடைப் பாடகியாக ஆசைப்படுகிறவராகக் காட்டுகிறது. அதை எழுதி நடித்த கோல் எஸ்கோலா, ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதோடு எனக்குச் சண்டை இல்லை. கூத்து என்று சொல்லிவிட்டு ஆடுகிற கூத்து யாரையும் ஏமாற்றுவதில்லை. வரலாற்றின் அநீதியைச் சரிசெய்கிறேன் என்று பெரிய முகத்தோடு வந்து, ஹெர்ன்டன் விட்டுப்போன மேரியையே கொஞ்சம் அனுதாபம் தடவித் திருப்பிக் கொடுக்கிறவர்களோடுதான் சண்டை. வசை வேறு, இரக்கம் வேறு. ஆனால் அந்தப் பெண்ணைப் பேசவிடாமல் அவருக்குப் பதில் பேசுவது இரண்டு பேரும் செய்கிற காரியம்.

நல்ல புனைவு எதுவும் செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்திருக்கிறது. இர்விங் ஸ்டோன் 1954-இல் மேரியைப் பற்றி எழுதிய நாவல், அவரை மனுஷியாக நினைக்கப் பலருக்கு வழி காட்டியது, அதை ஒத்துக்கொள்கிறேன். அதைவிட வலுவான ஒரு எதிர்வாதமும் உண்டு. கடிதம் மட்டும் உண்மையா, அதுவும் எழுதுகிறவர் தம்மைப் பற்றிச் செய்துகொள்கிற கற்பனைதானே என்பது அது. இதற்கு டாலி மேடிசனை உதாரணம் காட்டுவார்கள். 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனை எரிக்க வந்தபோது, ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய ஓவியத்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் வெள்ளை மாளிகையிலிருந்து வெளியேறினேன் என்று சகோதரிக்கு எழுதியதாக ஒரு கடிதம் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் வடிவம் பல வருடம் கழித்து அவர் மறுபடி எழுதியது. உண்மைதான்.

ஆனால் அது எப்படித் தெரிந்தது? சரிபார்க்க முடிந்ததால் தெரிந்தது. அந்த வீட்டில் அடிமையாக இருந்த பால் ஜென்னிங்ஸ் 1865-இல் தம் நினைவுகளை வெளியிட்டார். டாலி ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று ஊர் சொல்வது பொய். ஏணி போட்டுக் கழற்ற வேண்டிய ஓவியம் அது. கழற்றியவர்கள் வாயிற்காவலராக இருந்த பிரெஞ்சுக்காரரும் தோட்டக்காரரும் என்று எழுதினார். ஒரு குரல் தவறினால் இன்னொரு குரல் திருத்துகிறது. நாவலாசிரியர் டாலியின் நெஞ்சுக்குள் எழுதி வைக்கிற வரியைத் திருத்த எந்த ஜென்னிங்ஸ் வர முடியும்? கணவர் இறந்த பின் டாலி அந்த ஜென்னிங்ஸையே விற்றார் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரவல் குரலின் பெரிய தீங்கு இதில்தான் இருக்கிறது. எஜமானியின் மனதை எவ்வளவு நுணுக்கமாகக் கற்பனை செய்கிறோமோ, அந்த வீட்டில் உண்மையாகவே பேசிய மற்றவர்கள் அவ்வளவு தூரம் பின்னால் தள்ளப்படுகிறார்கள்.

மார்த்தா வாஷிங்டனை எல்லோரும் கனிந்த பாட்டியாகவே எழுதுகிறார்கள். அவர் 1789-இல் நியூயார்க்கிலிருந்து உறவுப்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் கனிவைவிட எரிச்சல்தான் அதிகம். ஊரில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, அரசாங்கக் கைதி மாதிரி இருக்கிறேன், இஷ்டப்படி இருக்க முடியாததால் பிடிவாதமாக வீட்டிலேயே கிடக்கிறேன் என்கிற பொருளில் எழுதுகிறார். எனக்கு இந்த மார்த்தாவைப் பிடிக்கிறது. ஆனால் இதே மார்த்தாவின் பணிப்பெண்ணாக, அடிமையாக, ஓனா ஜட்ஜ் இருந்தார். தம்மை மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே 21 அன்று, ஃபிலடெல்ஃபியா வீட்டில் எஜமானரும் எஜமானியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறி, கப்பலேறி நியூஹாம்ப்ஷயருக்குத் தப்பினார். பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் நிதிச் செயலாளருக்குக் கடிதம் எழுதி, அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவர உதவி கேட்டார். வேலைக்காரியாக நடத்தவில்லை, பிள்ளை மாதிரி வளர்த்தோம், எந்தக் காரணமும் இல்லாமல் போய்விட்டாள், எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன் மயக்கிக் கூட்டிப் போயிருப்பான் என்பது அந்த வீட்டின் ஊகம். ஒரு பெண்ணின் மனதை அவளைக் கேட்காமலே கற்பனை செய்தார்கள். கனிவாகத்தான் செய்தார்கள். முழுத் தவறு. ஓனா ஜட்ஜ் 1840-களில், கிழவியாக, வறுமையில் இருந்தபோது, அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளுக்குத் தாமே பதில் சொன்னார்: அந்தப் பேத்திக்கு அடிமையாக இருக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் போனேன். அங்கே இருந்ததைவிடக் கஷ்டப்படுகிறாயே, வருத்தமில்லையா என்று கேட்டதற்கு, இல்லை, நான் சுதந்திரமானவள் என்றார்.

கடைசியாக, உண்மையிலேயே மௌனமாகிப் போனவர்கள். மார்த்தா, கணவர் தமக்கு எழுதிய கடிதங்களையும் தாம் அவருக்கு எழுதியவற்றையும் எரித்துவிட்டார். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எடித் ரூஸ்வெல்ட் எரித்தார். பெஸ் ட்ரூமன் தாம் கணவருக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவற்றை எரித்தார். கணவர் அவருக்கு எழுதியவை 1,300-க்கு மேல் இருக்கின்றன. இந்த வெற்றிடத்தையாவது நிரப்பலாமே என்பார்கள். இது வெற்றிடம் அல்ல. தம் கையாலேயே கணப்படுப்பில் போட்டவர், இது உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிப் பேச முடியும்? சாத்திய கதவைத் திறந்து உள்ளே போய் அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் குரலில் பேச எந்த எழுத்தாளருக்கும் உரிமை இல்லை.

எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். குடியரசுத் தலைவர் ஒருவரின் மனைவியைப் பற்றி நாவலோ நாடகமோ எழுத உட்காரும் முன், அவர் எழுதியதை முழுக்கப் படித்துவிடுங்கள். அந்த வீட்டில் சமைத்தவர், துவைத்தவர், தப்பி ஓடியவர் சொன்னதையும் படித்துவிடுங்கள். அதற்குப் பின்னும் சொல்ல ஏதாவது மிஞ்சினால் எழுதுங்கள். பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒன்று: லூயிசா ஆடம்ஸின் ரஷ்யப் பயணக் குறிப்பு சின்ன நூல்தான். அதன் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யார் அனுமதியும் வேண்டியதில்லை. அதை யாராவது நல்ல தமிழில் கொண்டுவாருங்கள்.